ஓடைக்கு இந்தப் பக்கம் விழுப்புரம், அந்தப் பக்கம் திண்டிவனம்

ஜனவரி இருபத்தைந்தாம் தேதி, பகல் பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது, விழுப்புரம் சந்திப்பில் நான் இறங்கியபோது. கரூரில் விடியற்காலையில் பேருந்து ஏறி, திருச்சியில் ரயில் மாறி வந்திருந்தேன். நடைமேடை நீண்டுகொண்டே போனது. நடந்து நடந்து படிக்கட்டை அடைந்தபோது, மேலிருந்து ஜெயந்தி கையை ஆட்டினாள்.

ஜெயந்தியும் நானும் திருச்சியில் ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். விழுப்புரத்திலேயே பிறந்து, அங்கேயே பள்ளி ஆசிரியையாகி, அங்கேயே வீடு கட்டிக்கொண்டவள். அவளுடைய கணவர் சேகர் மட்டும் வெளியூர். வெளியூர் என்றால் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். பேரணிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் ஒரு கிராமம். ஆனால் அவர் பள்ளிப் படிப்பெல்லாம் திண்டிவனத்தில் முடித்தவர். அந்த ஒரு காரணத்துக்காகத் தன்னைத் திண்டிவனத்துக்காரர் என்றே சொல்லிக்கொள்வார்.

"சுமதி, இந்த பிளாட்பாரத்தைப் பாத்தியா? தெற்கே போற ரயில் எதுவா இருந்தாலும் எங்க ஊர்ல நின்னுட்டுத்தான் போகணும்" என்றாள் ஜெயந்தி, பெட்டியை வாங்கிக்கொண்டே.

"ரயில் நிக்கும். ரோடு?" என்றார் அவளுடன் வந்திருந்த சேகர். "மெட்ராஸ்லேருந்து வர்ற ரோடு திண்டிவனத்துல வந்துதாம்மா மூணா பிரியுது. பாண்டிக்கு ஒண்ணு, திருவண்ணாமலைக்கு ஒண்ணு, மிச்சம் மீதி இருந்தா இவங்க ஊருக்கு ஒண்ணு."

இருபது வருடமாக இதே வழக்கு அந்த வீட்டில் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். இந்த முறை நான் வந்ததே அந்த வழக்கு வீட்டை விட்டு வெளியே போய்விட்டதால்தான். திண்டிவனத்தைத் தனி மாவட்டமாக்கப்போகிறார்கள் என்று அந்தப் பக்கமெல்லாம் ஒரே பேச்சு. அரசாணை எதுவும் வரவில்லை. யார் சொன்னது என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுகிறார்கள். ஆனாலும் நடுவில் உள்ள கிராமங்களில் எந்தப் பக்கம் போவது என்று விவாதம் தொடங்கிவிட்டது. சேகரின் சொந்த ஊரில் குடியரசு தினக் கிராமசபையில் இதைப் பற்றித் தீர்மானம் வைக்கப்போவதாக ஜெயந்தி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அந்த ஊராட்சித் தலைவர் தனபால், சேகரின் அண்ணன்.

மாலை நான்கு மணிக்குத் திருவாமாத்தூர் போனோம். விழுப்புரத்திலிருந்து ஏழு கிலோமீட்டருக்குள்தான். அபிராமேசுவரர் கோயில் சாலைக்கு ஒரு பக்கம், முத்தாம்பிகை கோயில் மறுபக்கம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க, நடுவில் நெல் ஏற்றிய டிராக்டர்கள் போய்க்கொண்டிருந்தன. சம்பா அறுவடை நேரம். கோயில் சுவரெல்லாம் வைக்கோல் வாசனை. உள்ளே வட்டப்பாறை என்று ஒரு சன்னிதி இருக்கிறது. அங்கே பொய்ச்சத்தியம் செய்தவர் பிழைக்க மாட்டார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் இங்கே வந்து முடிந்த கதைகளை அர்ச்சகர் விரிவாகச் சொன்னார். "இப்ப யாரு சாமி வர்றாங்க, எல்லாரும் கோர்ட்டுக்குப் போறாங்க" என்று முடித்தார். அதில் வருத்தம் இல்லை. கோர்ட்டெல்லாம் வருவதற்கு முன்னால் தானும் தன் சாமியும் பட்ட பாடு போதும் என்பதுபோல இருந்தது.

இருபத்தாறாம் தேதி காலை கேப்பை அடையும், நிலக்கடலையை இங்கே மல்லாட்டை என்பார்கள், அந்த மல்லாட்டைச் சட்னியும் சாப்பிட்டுவிட்டுப் பாசஞ்சர் ரயில் ஏறினோம். டிக்கெட் பத்து ரூபாய். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி. அவ்வளவு அழகான ரயில் பாதை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பனி முழுக்க விலகாத வயல்களில் அறுத்த நெல்தாள் வரிசை வரிசையாக நின்றது. ஏரிகளில் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. நாரைகள் ரயிலுக்குப் பழகிப்போய் அசையாமல் நின்றன. ஒரு சவுக்குத் தோப்பு முடியும் இடத்தில் மயிலம் குன்று தூரத்தில் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா கூடையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டே வந்தார்.

"நீங்க விழுப்புரமா, திண்டிவனமாம்மா?" என்று கேட்டேன்.

"காலையில விழுப்புரம். பூ மிஞ்சினா சாயங்காலம் திண்டிவனம்" என்றார்.

பேரணியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனோம். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே எல்லோரும் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஆனால் அதன் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். ஊருக்கு நடுவில் ஒரு ஓடை. கிழக்கே ஊர், நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம். மேற்கே உள்ள வீடுகளைக் கிழக்கில் இருப்பவர்கள் காலனி என்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் மேற்குத் தெரு என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அங்கே ஒரு சின்ன தேவாலயமும் ஒரு மாரியம்மன் கோயிலும் உண்டு. நிலம் இல்லாதவர்கள். முன்பெல்லாம் கிழக்கே உள்ள வயல்களில் கூலி வேலை. இப்போது பாதிப் பேர் திண்டிவனத்தில் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போய்வருகிறார்கள். ஓடையைக் கடக்கப் பாலம் இல்லை. தண்ணீருக்குள் சிமெண்டுக் குழாய்களைப் போட்டு மேலே மண் கொட்டியிருந்தார்கள். நடுவில் மண் கரைந்து குழாய் வெளியே தெரிந்தது.

பதினொரு மணிக்குப் பள்ளி மைதானத்தில் சாமியானாவுக்குக் கீழே கிராமசபை கூடியது. காலையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த காகிதங்கள் தரையில் கிடந்தன. நூறு பேருக்கு மேல் இருக்கும். கிழக்கே உள்ளவர்கள் இடப்புறமும் மேற்குத் தெருக்காரர்கள் வலப்புறமுமாக உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லி உட்காரவில்லை. குடிநீர், தெருவிளக்கு, நூறுநாள் வேலை என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் எல்லோரும் காத்திருந்த விஷயம் வந்தது.

தனபால் எழுந்தார். அறுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். வெள்ளைச் சட்டை, கணீரென்ற குரல்.

"மாவட்டம் பிரியுதா, பிரியலையா, எனக்குத் தெரியாது. ஆனா பிரியறப்போ நம்மள யாரும் கேக்கலன்னு அப்புறம் பொலம்பக் கூடாது. அதுக்குத்தான் இப்பவே எழுதி வெச்சிடலாம்னு பாக்கறேன். ஊர்ல கேட்டா விழுப்புரந்தான் வேணுங்கறாங்க. கலெக்டர் ஆபீசு, கோர்ட்டு, நம்ம கேஸு கட்டு எல்லாம் அங்க கெடக்குது. சம்பந்தமும் அங்கதான். அந்தப் பக்கம் கேட்டா திண்டிவனம் வேணுங்கறாங்க. அவங்களுக்கு வேலை அங்க. ஆசுபத்திரியும் கிட்ட. சண்டை இன்னாத்துக்கு? ஓடைய எல்லையா வெச்சிக்கலாம். கெழக்கே விழுப்புரம், மேற்கே திண்டிவனம். யாருக்கும் பேஜாரு இல்ல."

இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். வலப்புறம் இருந்த இளைஞர்கள் விசிலடித்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டார், இதில் என்ன குறை இருக்க முடியும்? சேகர்கூட, "அண்ணன் எப்பவுமே இப்படித்தான், ரெண்டு பேருக்கும் நோவாம முடிச்சிடுவாரு" என்று என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

ஊராட்சிச் செயலர் தீர்மானத்தை எழுதத் தொடங்கியபோது, வலப்புறம் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். நீலப் புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. "ஆரோக்கியமேரி. அந்தத் தெரு வார்டு மெம்பர். திண்டிவனத்துல ஜவுளிக்கடையில வேலை செய்யறாங்க" என்று ஜெயந்தி என் காதில் சொன்னாள்.

"தலைவரே, எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை" என்றார் ஆரோக்கியமேரி. "ஓடை எல்லைன்னா இந்தப் பள்ளிக்கூடம் எந்த மாவட்டம்?"

"விழுப்புரம்."

"எங்க புள்ளைங்க?"

தனபால் ஓடைப் பக்கம் பார்த்தார். "அங்க உங்களுக்குன்னு தனியா ஒண்ணு கட்டுவாங்க இல்ல?"

"ஆமாத்தை, நமக்குப் புதுசா பள்ளிக்கூடம் கெடைக்கும். நீ உக்காரு" என்று பின்னாலிருந்து ஒரு இளைஞன் சத்தம் போட்டான். ஆரோக்கியமேரியின் அண்ணன் மகன் என்று பிறகு தெரிந்தது.

ஆரோக்கியமேரி திரும்பி அவனைப் பார்த்தார். "தனியா தனியான்னுதான்டா நாம இத்தினி நாளா இருந்தோம். உனுக்குத் தெரியாது, நீ அப்ப பொறக்கல."

பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் சாமியானாவின் கடைசி வரை கேட்டது.

"எங்க அப்பா இந்தப் பள்ளிக்கூடத்து வாசப்படி ஏறல. எங்க அண்ணன் ஏறினாரு, ஓரமா உக்காந்தாரு. நான் அஞ்சாவது வரைக்கும் நடுவுல உக்காந்து படிச்சேன். என் பேத்தி இப்ப கிளாஸ் லீடரு. பேர் எழுதற பலகையில பேசுறவங்க பேர எழுதறா. எழுதினவ அந்தப் பக்கத்துப் பொண்ணு, இந்தப் பக்கத்துப் பொண்ணுன்னு எந்தப் புள்ளையும் பாக்கறதில்ல. இந்த ஓடையத் தாண்டி வர்றதுக்கு எங்களுக்கு மூணு தலமுறை ஆயிருக்கு தலைவரே. ஒரு தீர்மானத்துல திருப்பி அனுப்பிடுவீங்களா?"

இடப்புறத்திலிருந்து ஒருவர் எழுந்தார். "திண்டிவனந்தான் வேணும்னு கேட்டது நீங்கதானே? குடுத்தா இப்ப இன்னா பேச்சு மாறுது?"

"மாறலங்க. இப்பவும் சொல்றேன், திண்டிவனந்தான் தோது. எல்லாரையும் சேத்து திண்டிவனத்துல போடுங்க, ரொம்ப சந்தோசம். எல்லாரையும் சேத்து விழுப்புரத்துல போடுங்க, அதுவும் சம்மதம். பிரிச்சு மட்டும் போடாதீங்க."

கைதட்டல் இல்லை. விசிலும் இல்லை. வலப்புறத்து இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனபால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தான் செய்தது இன்னதென்று அப்போதுதான் அவருக்குப் புரிகிறது என்று அந்த முகத்தில் தெரிந்தது.

"நான் தோதுக்குத்தான் பாத்தேன் மேரிம்மா. பிரிக்கணும்னு நெனைக்கல" என்றார்.

"தெரியும் தலைவரே. கோடு போடறவங்க யாரும் அப்படி நெனைக்கறதில்ல. போட்டப்புறம் அது தானா ஆயிடும்."

இதற்குப் பிறகு தனபால் செய்ததைத்தான் நான் ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் தலைவர். கைதட்டல் வாங்கிய தீர்மானம். தன் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். அப்படியே எழுதச் சொல்லியிருந்தால் நிறைவேறியிருக்கும். அவர் செயலர் பக்கம் திரும்பி, "எழுதினத அடிங்க" என்றார்.

இடப்புறத்தில் சலசலப்பு எழுந்தது. முன்பு பேசியவர், "இன்னா தனபாலு, அவங்க சொன்னா அடிச்சிடுவியா?" என்றார்.

"அவங்க சொன்னது சரின்னா அடிக்க வேண்டியதுதான். எம் பேரன் கூட அவங்க பேத்தி பக்கத்துலதான் உக்காந்து படிக்கிறான். நாளைக்கு அவன் கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றவர், எல்லோரையும் பார்த்து, "எந்த மாவட்டமா இருந்தாலும், எந்தத் தாலுக்காவா இருந்தாலும், இந்த ஊராட்சிய ரெண்டாப் பிரிக்கக் கூடாது. சம்மதம்னா கையத் தூக்குங்க" என்றார்.

வலப்புறத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. அந்த அண்ணன் மகன் கை கொஞ்சம் தாமதமாக. இடப்புறத்தில் முதலில் பெண்கள் தூக்கினார்கள். பிறகு பாதி ஆண்கள். ஏழெட்டுப் பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். ஜெயந்திக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை. தன்னையறியாமல் கையைத் தூக்கிவிட்டு, சேகர் முறைத்ததும் இறக்கிக்கொண்டாள்.

தீர்மானம் எழுதி முடித்தாயிற்று. எல்லோரும் எழப்போகும் நேரம், ஆரோக்கியமேரி மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னும் இன்னாம்மா?" என்றார் தனபால்.

"ஒண்ணா இருக்கோம்னு எழுதிட்டீங்க இல்ல? அப்ப மழைக்காலத்துல நாங்க இந்தப் பக்கம் எப்படி வர்றது? ஓடையில இடுப்பளவு தண்ணி வருது. அப்படியே கையோட ஒரு பாலமும் எழுதிடுங்க."

சபை சிரித்துவிட்டது. தனபாலும் சிரித்தார். "இதுக்குத்தான் இவ்ளோ நேரம் பேசினியாம்மா நீ?" என்று கேட்டபடி செயலரிடம் கையைக் காட்டினார். பாலமும் எழுதப்பட்டது.

மதியம் பள்ளியிலேயே சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். இதையும் மறைக்காமல் எழுத வேண்டும்: சாப்பாட்டிலும் இரண்டு பக்கமாகத்தான் உட்கார்ந்தார்கள். குழந்தைகள் மட்டும் கலந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். வெளியேறியவர்களில் இரண்டு பேர் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார்கள். யாரும் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. தனபாலின் மனைவியே இலை போட்டார்.

மூன்று மணிக்கு நான் திண்டிவனம் கிளம்பினேன். அந்த ஊரையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து திருச்சிப் பேருந்து பிடிப்பது என் திட்டம். ஜெயந்தியும் சேகரும் அன்று அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆரோக்கியமேரி பேத்தியின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கத் திண்டிவனம் போவதாக இருந்ததால் என்னை அவருடன் அனுப்பினார்கள். கூட்டேரிப்பட்டு வரை ஆட்டோ, அங்கிருந்து டவுன் பஸ். ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தார்.

"உங்களுக்குத் திண்டிவனம்தானே வேண்டியிருந்தது? விட்டுக்குடுத்துட்டீங்களே, வருத்தமில்லையா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குங்க வருத்தம்? திண்டிவனம் எங்க போவப்போவுது? பஸ்ஸு ஏறினா வந்துடும்" என்றவர், சிறிது தூரம் போனபின், "காலையில சர்ச்சுல உக்காந்திருந்தப்போ கூட நான் இப்படிப் பேசுவேன்னு தெரியாதுங்க. திண்டிவனம் கேக்கணும்னுதான் வந்தேன். தலைவரு ஓடைன்னு சொன்னாரு பாருங்க, அப்பத்தான் பள்ளிக்கூடம் நெனப்புக்கு வந்துச்சு. கேட்டது கெடைச்சிடுச்சேன்னு எல்லாரும் கை தட்டறாங்க. எனுக்குக் கை வரல" என்றார்.

"பயமா இருந்துச்சா?"

"இல்லாம இருக்குமாங்க? அவரு வயல்ல நாத்து நட்டவ நான். அவரு நிக்கறப்போ நான் நின்னு பேசறதுன்னா சும்மாவா? ஆனா மெம்பர்னு போட்டு நாற்காலி குடுத்திருக்காங்களே, பேசாம இருந்துட்டு அந்த நாற்காலி எதுக்குங்க?"

திண்டிவனம் வந்தது. சேகர் சொன்னது பொய்யில்லை. சென்னையிலிருந்து வரும் வண்டிகளெல்லாம் இங்கே வந்து திசை பிரிகின்றன. பாண்டிக்கு ஆள் கூப்பிடும் நடத்துநர் ஒரு பக்கம், செஞ்சி, திருவண்ணாமலை என்று கத்துகிறவர் மறுபக்கம். ஒலக்கூர்ப் பேருந்தில் உர மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். வேகவைத்த மல்லாட்டை படி முப்பது ரூபாய். நின்று பேச நேரமில்லாத ஊர். ஆனால் வழி கேட்டால் நான்கு பேர் நின்று சொல்கிறார்கள். விழுப்புரம் உட்கார வைத்துப் பேசுகிறது, திண்டிவனம் நடந்துகொண்டே பேசுகிறது. இரண்டையும் எனக்குப் பிடித்துவிட்டது. ஜெயந்தியிடமும் சேகரிடமும் தனித்தனியாக இதைச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

பேக்கரியில் கேக்கில் பெயர் எழுதக் காத்திருந்தபோது ஆரோக்கியமேரியின் போன் அடித்தது. தனபால். ஸ்பீக்கரில் போட்டார்.

"மேரிம்மா, திண்டிவனத்துலதானே இருக்கற? மருந்தடிக்கற மெஷினுக்கு ஒரு வாஷர் வாங்கியாந்துடு. பஸ் ஸ்டாண்டு எதிர்ல கடை இருக்குது."

"ஏன் தலைவரே, விழுப்புரத்துல கெடைக்காதா?"

"கெடைக்கும். அங்க வெல ஜாஸ்தி. ஜல்தி வாம்மா" என்று போனை வைத்துவிட்டார். ஆரோக்கியமேரி கேக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார்.

ஐந்து மணிக்குத் திருச்சிப் பேருந்தில் என்னை ஏற்றிவிட்டார். "அடுத்த வாட்டி வர்றப்போ பாலத்து மேல நடந்து வருவீங்க" என்றார். நம்பிக்கையாகச் சொன்னாரா, வேடிக்கைக்குச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இதை எழுதும் இன்றுவரை அந்தப் பாலத்துக்கு உத்தரவு வரவில்லை என்கிறாள் ஜெயந்தி. மாவட்டம் பிரியும் பேச்சும் அடங்கியபாடில்லை. ஆனால் மண் கரைந்த இடத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து செங்கல் துண்டும் கிராவலும் கொட்டி மேடாக்கியிருக்கிறார்களாம். டிராக்டர் தனபாலுடையது. அந்த அண்ணன் மகன்தான் ஓட்டினானாம்.

பேருந்து மறுபடியும் அதே வழியாகத் தெற்கே போனது. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, விழுப்புரம் புறவழி. எந்த இடத்தில் ஒரு தாலுக்கா முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று பலகையைத் தேடினேன். வெயில் சாய்ந்து கண் கூசியதில் தவறவிட்டேன்.

திருச்சி மாவட்டத்திலிருந்து கரூரைப் பிரித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரை எந்தப் பக்கம் வைப்பது என்று எங்களை யாரும் கேட்கவில்லை என்ற குறை இன்னும் எங்கள் வீட்டில் உண்டு. கல்யாணத்தில், காரியத்தில், நாலு பேர் சேர்ந்தால் அந்தப் பேச்சு வந்துவிடும். நானும் அதைச் சொல்லி வளர்ந்தவள்தான். அந்த மாலை விழுப்புரத்தைத் தாண்டும்போதுதான் ஒன்று தோன்றியது. எங்களை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்பதற்கு முன்பே ஒரு மைதானத்தில் கூடி, இது எங்களுக்கு வேண்டும், இது வேண்டாம் என்று சொல்லலாம் என்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.